இரண்டாவது குரல்

எங்கள் மலைக்கிராமமான கெர்கெட்டியில் மக்வாலாவுக்கு வாயாடி என்றுதான் பெயர். கஸ்பெக் மலையேற வருகிறவர்களின் மூட்டைகளைக் குதிரையில் ஏற்றி, பனியாற்றைத் தாண்டிப் பழைய வானிலை நிலையத்தில் இறக்குவது அவளுக்கும் புருஷன் உஷாங்கிக்கும் பிழைப்பு. ஊரையே ஏசுகிறவள், பனியில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

நாங்கள் எல்லோருமே அப்படித்தான். அந்தப் பனி சும்மா கிடப்பதில்லை. நகரும், பிளக்கும், பிளந்த வாயைப் புதுப்பனியால் மூடி வைத்துக்கொள்ளும். அடியில் ஓடும் தண்ணீர் ஆள் பேசுவது போலவே கேட்கும். அதனால் பனிமேல் யார் பெயர் சொல்லி அழைத்தாலும் மூன்றாவது குரலுக்குத்தான் போவோம். முதல் இரண்டும் பனியின் குரலாக இருக்கலாம்.

அன்று மலையேறிகள் மூட்டை கட்டவே நேரமாக்கிவிட்டார்கள். வெயிலேறினால் பனி இளகும் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த ஜென்மங்களுக்கு உறைக்காது. மேலே சுமையை இறக்கிவிட்டு இருவரும் திரும்பும்போது பிற்பகலாகி, மேகம் மூடிவிட்டது. உஷாங்கி கோலால் பனியைக் குத்திப் பார்த்தபடி முன்னே போனான். பின்னால் வந்த மக்வாலாவுக்கு அவன் முதுகுகூடத் தெரியவில்லை.

"மக்வாலா!"

பிறகு கோல் சத்தம் நின்றுபோனது. குதிரை நடுங்கியது.

"மக்வாலா!" இம்முறை இடப்பக்கமிருந்து.

மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. "நாசமாப் போக இந்த வழக்கம்!" என்று கத்திவிட்டு, குதிரையோடு இடப்பக்கம் நடந்தாள். பத்தடியில் பனி பிளந்து கிடந்தது. உள்ளே நெஞ்சு நசுங்க, முகம் நீலம் பாரித்து, உஷாங்கி இடுக்கில் சிக்கியிருந்தான். சுமை கட்டும் கயிற்றை இறக்கினாள். அவன் அக்குளில் மாட்டிக்கொண்டதும் மறுமுனையைக் குதிரையில் கட்டி இழுத்தாள்.

மறுநாள் நான் பார்க்கப் போனபோது, விலா முறிந்து கிடந்தவனுக்கு அவள் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டதுமே வர்றதுக்கு என்னடி?" என்றான்.

"யோவ், மூணாவதுக்குக் காத்திருந்தா நீ பொணம். ரெண்டாவதுக்கே ஓடி வந்தேன்ல?"

உஷாங்கி சிரிக்கவில்லை.

"நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன். அப்புறம் எனக்கு மூச்சே வரல."

மக்வாலாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.