டயருக்குப் போர்வை

சைகோனில் பைக் ஓட்டத் தெரியாதவனை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. எனக்கு ஓட்டத் தெரியும், பந்தயத்தில் இறங்கும் துணிச்சல்தான் கிடையாது. அதனால் வுங் டாவ் போகும் சாலையில் இருந்த பந்தயத் திடலில், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அங்கே என் வயிற்றெரிச்சல் டயர்தான். பயிற்சிக்கு ஒரு ஜோடி, பந்தயத்துக்கு ஒரு ஜோடி, மனசுக்குச் சரியில்லை என்றால் இன்னொரு ஜோடி. கழற்றியதை எல்லாம் சாயங்காலம் திடலுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துவார்கள். கரும்புகை பக்கத்துக் குடியிருப்புக்குள் போய் நிற்கும். பந்தயக் கமிட்டியோடு மல்லுக்கட்டி ஒரு விதி கொண்டுவந்தேன்: காலையிலிருந்து மாலைவரை ஒரே ஜோடி டயர். ஏமாற்றக்கூடாதென்று ஒவ்வொரு டயரிலும் நானே மஞ்சள் பெயிண்டில் குறி போட்டேன். விதி வந்த முதல் பந்தயத்தன்று மாற்றிய டயரும் இல்லை, புகையும் இல்லை. இந்த ஊரில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அடுத்த பந்தயத்தன்று திடலில் காது கிழியும் இரைச்சல், பெட்ரோல் புகை வேறு. டயர் சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும். அதற்காக முன்கூட்டியே சுற்றிச் சுற்றி ஓட்டினால் இருக்கும் ஒரே ஜோடியும் தேய்ந்துவிடும். ஆகவே ஆளாளுக்கு டயரில் மின்சாரப் போர்வையைச் சுற்றி வைத்திருந்தார்கள். போர்வைக்கு மின்சாரம் தர, ஆளுக்கொரு பெட்ரோல் ஜெனரேட்டர். அத்தனையையும் விற்றவன் என் மனைவியின் தம்பி. சைகோனின் சோலோன் பகுதியில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், பந்தயமும் ஓட்டுவான், கமிட்டியிலும் இருக்கிறான்.

"விதியில போர்வையப் பத்தி ஒண்ணும் இல்லையே மச்சான்," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்வைக்குத் தடை, டயர் சூடேற, கொடி அசைக்கும் முன் எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஒரு சுற்று என்று திருத்தம் எழுதிக் கமிட்டியில் வைத்தேன். வளவளவென்று பேசினார்கள். கடைசியில் தலைவர், ஜெனரேட்டர் புகைக்குக் காரணமே டயர் விதிதான், அதை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். என் மச்சினனும்தான்.

அடுத்த ஞாயிறு பழையபடி டயர் மாற்றித் தள்ளினார்கள். ஜெனரேட்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"விதிதான் போயிடுச்சே, இது இன்னும் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"வாங்கியாச்சே மச்சான். சும்மா போட்டு வைக்கவா?"

சாயங்காலம் டயர்களைக் குவித்தார்கள். ஜெனரேட்டர்களில் மிஞ்சியிருந்த பெட்ரோலை அதன்மேல் ஊற்றிப் பற்றவைத்தார்கள்.