சோலார் பலகைக்குப் போட்ட மாலை

பொம்மனஹள்ளி வீட்டு மாடியில் என் வீட்டுக்காரர் சோலார் பலகை வைத்தது அவருடைய மூச்சுக்காகத்தான். அவருக்கு இழுப்பு. வந்தால் நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும். இழுப்பும் பவர் கட்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல் சேர்ந்தே வரும்.

பலகையைப் பொருத்த வந்தவர் தெளிவாகத்தான் சொன்னார். "நல்ல வெயில் இருந்தா ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், அவசரத்துக்கு உங்க மெஷின். வானம் மூடி மோடம் போட்டா பாதிகூட வராது சார். கண்ணாடி மேல கொஞ்சம் நிழல் விழுந்தாலே கொறஞ்சிடும்."

இவர் காதில் 'உங்க மெஷின்' மட்டும்தான் விழுந்தது. சூரியன் என்ன மீட்டர் போட்டா தருது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். கரண்ட்டிலும் பேட்டரி நிரம்புகிற மாதிரி வயர் இழுக்கட்டுமா என்று அந்த ஆள் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். கோடையில் அவர் சொன்னது பலித்தது. பேட்டரிப் பெட்டியில் எந்நேரமும் பச்சை விளக்கு. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் லேசாக இழுத்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற மனிதர், "வீட்லயே எல்லாம் இருக்கே" என்று உட்கார ஆரம்பித்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. தான் வேலை பார்க்கும் ஓசூர் ரோட்டு ஃபேக்டரியில் லேத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டு வந்தவர், நேராக மாடிக்கு ஏறினார். பலகையின் கண்ணாடியில் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, குறுக்கே தடித்த சாமந்தி மாலையைக் கட்டினார். வாசலில் சீரியல் லைட் தொங்கவிட்டு, அதையும் பேட்டரியில் செருகினார். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சட்டம், கண்ணாடி, பொட்டு, மாலை. செத்தவர் படம் மாதிரியே இருந்தது.

"என்னங்க, மாலைய எடுத்துடலாம். நிழல் விழக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"லேத்துக்குப் போட்டது காஞ்சு விழற வரைக்கும் இருக்கும். மெஷின் ஓடாம நின்னுச்சா? பூஜை போட்டதுல கை வைக்காத."

லேத்தும் இதுவும் ஒன்றா? இதற்கு வெளிச்சம்தான் சோறு. வாயைக் கட்டிவிட்டுச் சோறு வைத்தால் எப்படி இறங்கும் என்று கேட்டேன். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மோடம் கலையவே இல்லை. பச்சை போய் மஞ்சள் வந்தது. மங்களகரமான கலர்தானே என்று கேலி செய்தார். சிவப்பு வந்தபோது சிரிக்கவில்லை. ஆனாலும் மாலையை எடுக்கவில்லை, என்னை எடுக்க விடவும் இல்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. இழுப்பும் வந்தது. மாஸ்க்கை அவர் மூக்கில் வைத்து நெபுலைசரைப் போட்டேன். மருந்துப் புகை வந்தது. பார்த்தாயா என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரல் இறங்குவதற்குள் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. மெஷின் நின்றது. கொஞ்சம் பொறு, வரும் என்று கையைக் காட்டினார். அந்தக் கொஞ்சத்தை நம்பி இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

அவருக்குப் பேச்சே வராமல் போனதும் தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டம்மா "ஏனாயித்து அக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்து ஆட்டோவை நிறுத்தினார். இருவருமாக அவரைத் தூக்கி ஏற்றினோம். என் மடியில் அவர் நெஞ்சு விசிலடித்துக்கொண்டே இருந்தது. தெருமுனையில் திரும்பும்போது கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் எப்போதும் கத்துவதுபோல, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் 'ஓ'வென்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் குனிந்து காது கொடுத்துக் கேட்டேன். அவர் நெஞ்சில் சத்தமே இல்லை.