வலிக்குதுன்னு சொல்லுங்கக்கா

ரயிலில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈட்டு மனு எழுதிக் கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவனுக்குச் சிரித்த முகத்தோடு ஒரு வாடிக்கையாளர்கூட வரமாட்டார். பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதி முடித்ததும் பீடோங்கில் சேகர் அண்ணன் கடையில் நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். படிகளில் விழுந்தவர்களே, கதவில் கை நசுங்கியவர்களே, இது உங்களுக்காக.

யாருடைய பயணம்

புக்கிட் செலம்பாவிலிருந்து ஒரு மாமா நொண்டிக்கொண்டே வந்தார். ஸ்டேஷன் படியில் வழுக்கிக் கணுக்கால் போய்விட்டது. பயணம் செய்ததற்கு அத்தாட்சி கேட்டேன். மருமகன் தன் போனில், தன் பெயரிலேயே டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். ரயில்காரன் கணக்கில் மாமா பயணியே இல்லை.

அவர் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “காலு என்னுது, நோவு என்னுது. போனது மட்டும் அவனாய்யா?”

ஆரஞ்சுப் பழம்

சரோஜா அக்கா கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்தவர். நின்ற ரயில் அவர் இறங்கும்போது ஒரு குலுக்குக் குலுக்க, பிளாட்பாரத்தில் விழுந்து வலது தோள் முறிந்தது. கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை, வேலையும் போனது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் கை தூக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு நஷ்டஈடு வந்தால்தான் வழி.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ரயில் ஆபீஸிலிருந்து ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்திருக்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அக்கா, நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கடையில் இதைக் கேட்டதும் சேகர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

“பழம் வாங்கிட்டுப் பார்க்க வந்த மனுசங்கிட்ட, நோவுன்னு ஒப்பாரி வைப்பாங்களா தம்பி?”

ஆபீசர் குரல்

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் குரல் எடுப்பது. பள்ளிக்கூட எச்எம் குரலில் என் வகுப்பையே மைதானத்தில் ஓடவிட்டிருக்கிறேன். அண்ணி குரலில் போன் போட்டு சேகர் அண்ணனைக் கோழி வாங்க அனுப்பியிருக்கிறேன். அதனால் ரயில் ஆபீஸ் விசாரணையில் பதில் சொல்ல அக்காவுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை அண்ணன் என்னிடமே தள்ளினார்.

மேசையைத் தட்டி, தொண்டையைக் கட்டையாக்கி, மலாயில் அதட்டினேன். கை தூக்க முடியுமா? முதல் நாள் அக்கா “போலே” என்றார். முடியுமாம். இரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியே காட்டப் பார்த்தார். ஒரு வாரம் விடாமல் கத்தினேன். கடைசியில் அவரும் மேசையைத் தட்டி, முடியாது, சாக்கிட், வலிக்கிறது, உயிர் போகிற வலி என்று கத்தினார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா மூச்சு வாங்கினார். “நீ அதட்டுனாத்தான் தம்பி நோவு வாயில வருது.”

மைலோ

விசாரணை சுங்கைப்பட்டாணியில். அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். வாய் திறக்கக்கூடாது என்பது அண்ணன் உத்தரவு. உள்ளே இருந்தது கட்டைத்தொண்டை ஆபீசர் இல்லை. நம் தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டது. அக்கா இடது கையால் பிடிக்கத் தோதாக மைலோ கோப்பையின் பிடியைத் திருப்பி வைத்தது. பஸ்ஸில் வந்தீங்களா, சாப்டீங்களா என்றது. அப்புறம் மெதுவாக, “கை இப்ப எப்படிங்க ஆன்ட்டி இருக்கு?”

நான் மேசைக்கடியில் அக்கா காலை மிதித்தேன்.

“இப்ப பரவால்லம்மா. நல்லாருக்கு.”

அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்தது. அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

கடிதம்

குணமாகிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டதால், முதல் மருத்துவச் செலவு மட்டும் தரப்படும் என்று கடிதம் வந்தது. ஆபரேஷன் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணன் அப்பீல் எழுத உட்கார்ந்தார், வாக்குமூலத்தில் அக்கா போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அக்காவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டியது நான்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கடிதத்தை ஒரு கையாலேயே மடித்தார். “அந்தப் புள்ள மேல தப்பு இல்லலா தம்பி. அது எவ்ளோ தன்மையா கேட்டுச்சு.”

அதனால் அடிபட்ட சொந்தங்களே, ரயில் ஆபீஸில் யாராவது அன்பாக நலம் விசாரித்தால், டாக்டர் கடிதத்தை நீட்டிவிட்டு மைலோவை வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.