பகல் ரொட்டிக்கு முன்

1998 தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை. பதுளையில் நான் மருந்தாளராக இருந்த கடைக்கு, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராசம்மா வந்தார். சீனி வியாதி. காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது.

"காலையில என்ன சாப்புடுவீங்க?"

"சாயத்தண்ணி தாங்க. ரொட்டி பகலைக்குத்தான். இந்த மாத்திரை போடத் தொடங்குனதுலேருந்து மலையில நிக்கிறப்ப கை நடுங்குது, கண்ணு இருட்டுது."

பாலில்லாத வெறும் தேநீரோடு அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சரிவில் நின்றால் மயங்கி உருண்டுவிடுவார். ஆனால் டாக்டர் எழுதியதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. டாக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன், யாரும் எடுக்கவில்லை. ராசம்மா பஸ்ஸுக்கு அவசரப்பட்டார்.

"காலையில வேணாம், பகல் ரொட்டிக்கு முன்னால போடுங்க. டாக்டர்கிட்டயும் சொல்லுங்க" என்றேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீனி ஏறிவிட்டால்?

பண்டிகை கழிந்து ராசம்மா புதுத் துண்டுச்சீட்டுடன் வந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் என்று டாக்டரே எழுதியிருந்தார்.

"யாரைக் கேட்டு மாத்துனேன்னு டாக்டரு ஏசுனாருங்க. நானாத்தான் மாத்துனேன்னுட்டேன். ஒங்களக் காட்டிக் குடுப்பேனா?" என்று சிரித்தார்.

எனக்கு வரவேண்டிய ஏச்சு அது. அன்று மாலையே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இனி ஆள் அனுப்பியெண்டாலும் எனக்குச் சொல்லும்" என்றார். பிறகு மெதுவாக, "காலமை சாப்பிடுறவவோ எண்டு நானும் கேக்கேல்லை."

செய்தது சரிதானா என்று இன்றும் மனம் அலைகிறது. ஆனாலும் மாத்திரையைக் கையில் கொடுக்குமுன், எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்காமல் இருந்ததில்லை.