ஏழாவது விதியும் கறிவேப்பிலைச் செடியும்

"பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுவதும் கழிப்பறை உள்ளிட்ட அனைத்து வசதிகளும் பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திறந்திருக்க வேண்டும்." எங்கள் காலனிப் பூங்காவின் வாசலில் உள்ள பச்சைப் பலகையில் இது ஏழாவது விதி. மொத்தம் பத்து விதிகள். பூப்பறிக்கக் கூடாது என்ற மூன்றாவது விதிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு தினமும் பூஜைக்குச் செம்பருத்தி பறிப்பார்கள். பத்தையும் படித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். முப்பத்தெட்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்ததில், பலகை என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் தாண்ட முடிவதில்லை.

பூங்கா காலை ஐந்து மணிக்குத் திறக்கும். கூட்டிப் பெருக்கும் அம்மா வந்து கழிப்பறையைத் திறக்கும்போது ஆறு ஆகிவிடும். இந்த ஒரு மணி நேரம் எனக்கு உறுத்தியது. அந்த வேளையில் எனக்கு அது தேவைப்பட்டதா என்றால் இல்லை. யாராவது என்னிடம் வந்து முறையிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இருந்தாலும் தை மாதக் கடைசியில் உரிய அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். பொருள், பார்வை, எண்ணிட்ட பத்திகள், இணைப்பாகப் பலகையின் புகைப்படம், ஒப்புகை அட்டை. ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கழிப்பறைக் கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. அதன் பிறகு ஐந்துக்கும் திறக்கவில்லை, ஆறுக்கும் திறக்கவில்லை. அலட்சியம் முற்றிவிட்டது என்று தீர்மானித்து முதல் நினைவூட்டலை அனுப்பினேன். பிறகு இரண்டாவது.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கோபிச்செட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் கரை ஊர்க்காரி. நான் உடுமலைப்பேட்டைக்காரன். நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு முட்டி வலி வந்தது. நடந்தால் ஆபரேஷன் வேண்டாம், நடக்காவிட்டால் வேண்டியிருக்கும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து நடக்கிறாள். கூட இன்னும் ஐந்து பெண்கள், எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். ஆறு பேரும் நடைபாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே போவார்கள். நான் எதிர்த்திசையில் சுற்றுவேன். சுற்றுக்கு இரண்டு முறை அவர்களைக் கடக்கும்போது கதையில் ஒரு துண்டு காதில் விழும். "அப்பறம் அந்தச் சம்பந்தி என்ன சொன்னாங்கற..." என்று இங்கே கேட்டால், அரைச் சுற்று தாண்டி, "செருப்பக் கூடப் போடாமக் கெளம்பிட்டா" என்று கேட்கும். நடுவில் நடந்ததை நானாக நிரப்பிக்கொள்வேன். முட்டி வலி இரண்டாம் வருடமே நின்றுவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. பேத்தியின் காதுகுத்து அன்றும் மூன்று சுற்று முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. ஆறரைக்கே வெயில் சுள்ளென்றிருந்தது. நான்காவது சுற்றில் எனக்கு எதிரே யாரும் வரவில்லை. திரும்பி நடந்தேன். சிமென்ட் பெஞ்சில் அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னுமில்லீங்க, கண்ணு கொஞ்சம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவ்ளோதானுங்க" என்றாள் என் மனைவி. உதடு வெளுத்திருந்தது.

"ஒன்னுமில்லைன்னு இவ சொல்லுவாளுங்க. மொதல்ல ஆட்டோவுல ஏத்துங்க. நோட்டு எடுத்து எழுதீட்டு நிக்காதீங்க" என்றாள் விசிறியவள். நான் எடுத்தது போன். ஆட்டோவை அழைக்கத்தான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண்.

"அம்மா, தண்ணி நல்லாக் குடிக்கறீங்களா?"

"குடிக்கறனுங்க."

"எவ்ளோங்கம்மா?"

"வேணுங்கறப்பக் குடிக்கறனுங்க."

"அங்கதானுங்கம்மா தப்பு. வயசாக ஆகத் தாகமே சரியாத் தெரியாது. ஒடம்பு வத்தறது உங்களுக்கே தெரியாமப் போயிரும். தாகம் எடுக்கட்டும்னு காத்திருந்தீங்கன்னா, எடுக்கறப்ப இங்க வந்துதான் படுத்திருப்பீங்க."

இருதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதால் பயமில்லாமல் குடிக்கலாம் என்றார். நாளைக்கு எட்டு டம்ளர், மடமடவென்று ஒரேயடியாக இல்லாமல் நாள் முழுக்கப் பிரித்து. மோரும் சேர்த்தி. "நடக்கறத உட்டுராதீங்க. ஆனா ஒரு மாசத்துல டெஸ்ட் எடுப்பேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா நடக்கறத நிறுத்திப்போடுவேன். கீழ உளுந்து இடுப்பு எலும்பு போச்சுன்னா அப்பறம் நடக்கறதுக்கு ஒன்னும் இருக்காது."

ஊசி குத்தும்போது சுளிக்காத முகம் அந்தக் கடைசிப் பேச்சுக்குச் சுருங்கியது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு பதிவேடு திறந்தேன். தேதி, நேரம், டம்ளர் எண்ணிக்கை, கையொப்பம், குறிப்பு என்று ஐந்து கட்டம். முதல் பக்கத்தில் பக்கங்களின் எண்ணிக்கைக்குச் சான்றும் எழுதி வைத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப்போவதில்லை. ஆனாலும் தினமும் எட்டுக் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் பணியாற்றிய எந்த அலுவலகத்திலும் அவ்வளவு சுத்தமான பதிவேட்டைப் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நான் பதிவேட்டையும் டாக்டரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக மூடிக் கொடுத்தார்.

"சார், இதுல எழுதியிருக்கறாப்பலக் குடிச்சிருந்தா இந்த ரிப்போர்ட் வராதுங்க."

பதிவேட்டின்படி என் மனைவி நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தாள். ரத்தத்தின்படி குடிக்கவில்லை. டாக்டர் ரத்தத்தை நம்பினார். மூன்று வாரம் நடை கிடையாது. அதற்குள் தேறாவிட்டால் இனிமேல் வீட்டுக்குள் நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

காலை ஐந்தேகாலுக்கு ஐந்து பெண்களும் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள். "என்னடி, ஆபீசர் லீவு முடிஞ்சு டூட்டியில சேரச் சொல்லலியா?" ஆபீசர் என்பது நான். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, நடக்கப் போடும் ஷூவைத் துடைத்து வைப்பாள். போடாத ஷூவில் என்ன தூசி இருக்கப்போகிறது? தினமும் துடைத்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

இரண்டாவது வாரத்தில் எங்கள் கறிவேப்பிலைச் செடி வாட ஆரம்பித்தது. சமையலறைக்குப் பின்னால் சன்ஷேடுக்கு அடியில், மழை படாத இடத்தில் இருக்கும் தொட்டிச் செடி. கோடையில் கறிவேப்பிலை வாடுவது சகஜம். ஆனால் கத்திரி வெயிலில் தளதளவென்று நின்ற செடி, கோடை மழை பெய்து ஊரே குளிர்ந்த வாரத்தில் தலையைத் தொங்கப்போடுவது சகஜமில்லை. தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"அம்மிணி, இந்தச் செடிக்கு இத்தன நாளா ஆரு தண்ணி ஊத்துனது?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "உங்க நோட்டு ஊத்துச்சுங்க."

"என்ன?"

"எட்டுக் கையெழுத்துல அஞ்சு அதுக்குப் போச்சுங்க. மூனு எனக்கு."

"இப்ப?"

"இப்ப எட்டும் நானே குடிக்கறேன். ஊட்டுல இருக்கறப்ப என்னங்க பயம்? நாலு எட்டு வெச்சா பாத்ரூம்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவளே கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துவிடுவாளாம். சாயந்தரம் நாலு மணிக்குப் பிறகு ஒரு சொட்டு கிடையாது. காலையில் எழுந்து வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுவாள். "நீங்க ஆம்பளைங்க, செவுத்தோரம் ஒதுங்கிப்போடுவீங்க. நாங்க எங்கீங்க போறது? முன்னெல்லாம் அந்தம்மா ஆறு மணிக்குத் தொறந்து உட்டுரும். ஆளுக்கொருக்காப் போய்ட்டு வந்து நடப்போம். அந்தப் பூட்டு வந்ததுல இருந்து ஆறு பேரும் இப்படித்தானுங்க. நான் மயங்குனேன், அவளுக மயங்கல. அவ்ளோதான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா? அதுக்கும் ஒரு மனு எழுதுவீங்க."

என் மேஜையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று கழிப்பறை மனு. இன்னொன்று தண்ணீர்ப் பதிவேடு. ஒன்றன்மேல் ஒன்றாகவே வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அவளை ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் பூங்காவுக்குப் போனேன். கூட்டிப் பெருக்கும் அம்மா கொன்றை மரத்தடியில் சருகு குவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, முன்ன தொறந்து உடுவியே, இப்ப எதுக்கு இந்தப் பூட்டு?" என்று கேட்டாள் என் மனைவி.

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? ஆரோ ஒரு பெரியவரு, அஞ்சு மணிக்கே தொறக்கோணும், அதுதான் விதின்னு மேல எழுதிப்போட்டாருங்க. என்ற டூட்டியே ஆறு மணிக்குத்தான். அஞ்சுக்குத் தொறக்க ஆளில்ல. ஆறுக்குத் தொறந்தா விதிப்படி தப்புங்கறாங்க. முடிவு வர்ற வரைக்கும் பூட்டியே வைன்னு சூப்பர்வைசரு புதுப் பூட்டே குடுத்துப்போட்டாரு. முடிவு பண்ணலாம்னு ஃபைல எடுத்தா, அதுக்குள்ள அந்தப் பெரியவரு இன்னொரு கடுதாசி போட்டர்றாராம். ஃபைலு மறுக்கா அடியில இருந்து மேல போகுதாம். அவரு நல்லா இருக்கட்டும்!"

"நல்லாத்தான் இருக்கறாரு கண்ணு" என்றாள் என் மனைவி. "இந்தா, பக்கத்துலதான் நிக்கறாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். துடைப்பம் கையில் இருந்தது. பிறகு என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் அப்படி அவள் சிரித்துப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பூட்டு.

பூட்டைப் பார்த்ததில்தான் ஒன்று தோன்றியது. "இந்தச் சீமாறு, பக்கெட்டெல்லாம் எங்கீங்கம்மா வெப்பீங்க?"

"உள்ளதானுங்க. ஆறு மணிக்குத் தொறந்து எடுப்பேன், ஒடனே பூட்டிருவேன்."

"ஒடனே பூட்டோணும்னு உத்தரவுல இருக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. பொதுவாப் பூட்டச் சொன்னாங்க."

"சாமானையெல்லாம் திருப்பி வெச்ச பொறகுதான பூட்ட முடியும்? கூட்டி முடிக்க எத்தன மணி ஆகும்?"

"ஏழரை ஆகுமுங்க."

"அப்ப ஏழரைக்குப் பூட்டுங்க. ஆராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேணும்னா எழுதியே தாரேன்."

"எழுத வேண்டாம்!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, மனுவைத் திரும்பப் பெறுவதாக மூன்றே வரியில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். பார்வை எண்களைத் தவிர அதில் எந்த அழகும் இல்லை. அதற்குப் பிறகு அந்த அலுவலகத்துக்கு ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் நான் செய்த உடற்பயிற்சிகளில் அதுதான் கடினமானது.

மூன்று வாரம் முடிந்து எடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ நோட்டு கொண்டு வரலீங்களா சார்?" என்றார். மறுநாள் விடிவதற்குள் என் மனைவி சமையலறையில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். காலி டம்ளரை எனக்குத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "கையெழுத்துப் போடட்டுங்களா?" ஷூ பளபளவென்றிருந்தது.

இப்போது ஆறு பேர் கையிலும் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. எதிரே கடக்கும்போது பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார்கள். "ஆபீசர், இதுவரைக்கும் மூனு வாய்ங்க. குறிச்சுக்குங்க!" அவர்களைப் பார்த்து நானும் குடிக்கப் பழகிவிட்டேன். நான் எவ்வளவு குடிக்கிறேன் என்று இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை. கறிவேப்பிலைக்குத் தினமும் காலையில் இரண்டு சொம்பு நான் ஊற்றுகிறேன். பதிவு கிடையாது.

நோம்பி கும்பிட அவள் ஊரான கோபிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நாளில் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். வாசற்படியில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். பார்வை ஒன்றில் கண்ட எனது மனு, பார்வை நான்கில் கண்ட எனது கடிதத்தின்படி திரும்பப் பெறப்பட்டுவிட்டதால், மேற்படி கழிப்பறை முன்பிருந்தவாறே காலை ஆறு மணிக்குத் திறக்கப்படும் என்று இருந்தது.

"முன்ன இருந்தபடியேவா?" என்றாள் என் மனைவி, பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டே. "இதுக்கு ஆறு மாசமுங்களா?"

ஏழாவது விதி இன்னும் மீறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. பதில் எழுத நியாயமான இடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"ஏனுங்க!" என்றாள் அவள்.

"தேதி மட்டும்தான் அம்மிணி."

உறையின் மூலையில், பழைய வழக்கப்படி, வந்து சேர்ந்த நாளைக் குறித்துவிட்டுப் பேனாவை மூடினேன். ஆடி பதினெட்டு.