எலிப்பசையும் சிட்டம்மாவின் கல்யாணமும்

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத நான் மலாயாவின் சிகாமட்டில் சொந்தமாக மளிகைக்கடை வைத்தேன். 1928இல் எங்கள் வீட்டு வரிசையில் நாற்காலி போட்டிருந்த ஒரே வீடு என் வீடுதான். எலிகளுக்கு மட்டும் அந்த மரியாதை தெரியவில்லை. மகள் சிட்டம்மாவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையையே கடித்துவிட்டன.

ரப்பர் பாலில் தேங்காயெண்ணெய் விட்டுக் காய்ச்சிய பசையை உட்காரும் பலகையில் தடவி மூலையில் போட்டேன். மேலே வைக்கக் கருவாடு எடுத்து வருவதற்குள், யோங் பெங்கிலிருந்து ரப்பர் தோட்டத்துக் கங்காணி பெரியண்ணன் வந்துவிட்டார். தன் மகனுக்குப் பெண் பார்க்க மறுநாள்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நாற்காலியில உக்காருங்க!" என்று கத்தினேன்.

"அதெல்லாம் தொரைமாருக்கு. நமக்குப் பலகை போதும்யா" என்று உட்கார்ந்தேவிட்டார்.

காப்பி குடித்து எழுந்தார். பலகையும் எழுந்தது.

"என்னய்யா இது?"

"எலிக்கு வச்சதுங்க."

"அப்ப நான் எலியா?"

சம்பந்தம் போயிற்று என்று என் மனைவி கருப்பாயி தலையில் கைவைத்தாள்.

"காய்ச்சினது யாரு?" என்று அதட்டினார் கங்காணி.

"நான்தான்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

கதவுக்குப் பின்னாலிருந்து சிட்டம்மா சொன்னாள்: "அப்பா காய்ச்சினது நேத்தே காஞ்சிபோச்சு. இது நான் காய்ச்சினது."

கங்காணி பலகையோடு குலுங்கிச் சிரித்தார். "எங்க வீட்டுல எலித் தொல்லை தாங்கலம்மா. அடுத்த முகூர்த்தத்துலயே வந்துடு."

என் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். யோங் பெங்கில் எலியே இல்லாத வீடு இன்று என் மகள் வீடுதான். அவள் யார் மகள்?