மூன்றுக்கு மேல் கிடையாது

எனக்கு எழுத்து வசப்படாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஞாபகமும் முன்போல் இல்லை. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்தில், மனுரேவாவில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். தம்பியின் மகள் ஹைஸ்கூலில் படிக்கிறாள். அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் மேல்வகுப்புப் பாடத்தை ஒரு வருடம் முந்தியே படிக்கலாம். அட்வான்ஸ் வகுப்பு என்பார்கள். அவள் கணக்கு, பௌதிகம், உயிரியல் மூன்றும் எடுத்தாள். இரசாயனமும் வேண்டும் என்று கேட்டாள். டொக்டருக்குப் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுடைய எண்ணம். பிள்ளைகளின் படிப்புக்குப் பொறுப்பான டீனாக இருக்கிற வெள்ளைக்கார அம்மா, ஒரு பிள்ளைக்கு மூன்றுக்கு மேல் கிடையாது, கூடினால் மனப்பாரம் என்று சொல்லிவிட்டார். ஒன்றை விட்டு மாற்றவும் காலம் கடந்துவிட்டதாம்.

"ரூல் எண்டால் ரூல்தானே, அக்கா. எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றான் தம்பி. பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

எங்கள் சபையார் முறைவைத்து வீட்டுச் செபம் நடத்துவார்கள். பாட்டு முடிய, அந்தக் கிழமை கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்களுக்கு முன்னால் என் நாக்கு எழும்பாது. அன்றைக்குச் செபம் பக்கத்து ஊரான தகனினியில் ஒரு வீட்டில். வீட்டுக்கார அம்மா எழுந்தார். அவருடைய மகனும் எங்கள் பிள்ளையின் வகுப்புத்தான். கணவர் அந்தப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருக்கிறவர்.

"மூண்டுதான் எண்டு சொன்னவை. முழங்காலில நிண்டு செபிச்சனான். கர்த்தர் கதவைத் திறந்தார். மகனுக்கு நாலாவதும் கிடைச்சிட்டுது. அல்லேலூயா!"

எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். என் தம்பியும் சொன்னான். நான் எழுந்தேன்.

"கதவைத் திறந்தது கர்த்தரோ, உங்கட அவரோ?" என்று கேட்டே விட்டேன்.

பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

காரில் தம்பி பாய்ந்தான். "வாயே திறக்காத மனிசி, திறந்தாப் பாருங்கோ! இனி ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"பிள்ளையைப் பெத்தவன் நீ. இதை நீயெல்லோ கேட்டிருக்கவேணும். அல்லேலூயா வேற சொல்லுறாய்!"

அதன் பிறகுதான் அவன் டீனிடம் போனான். அந்தப் பொடியனுக்கு விசேஷ காரணம் என்றாராம். என்ன காரணம் என்றதற்கு, அதைச் சொல்ல முடியாது என்றாராம். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் நியாயம் செய்தார்கள். எப்படி? எங்கள் பிள்ளைக்குக் கொடுத்தா? இல்லை. அந்தப் பொடியனின் நாலாவது வகுப்பையும் பறித்து! இப்போது எல்லாருக்கும் சமமாம்.

"மாமி, எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. ஸ்கூல்ல ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை. ஹேப்பியா?" என்று பிள்ளை என்னைத்தான் கேட்டாள்.

அந்தப் பொடியன்மேல் எனக்குக் கோபமில்லை. கள்ளமாகக் கொடுத்து, பிடிபட்டதும் பிள்ளையிடமிருந்து பறித்து, தங்கள் கையைக் கழுவிக்கொண்டவர்கள்மேல்தான். மன்னிக்கச் சொல்லிப் பாஸ்டர் வீடுவரை வந்தார். முதலில் அவர்கள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன். ஒருவரும் வரவில்லை. நானும் செபத்துக்குப் போவதில்லை.

டீன் சொன்னதெல்லாம் தம்பி வாயால் கேட்டு எழுதியவை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் யாராவது பிழை இருந்தால் பார்த்துத் திருத்துங்கள். அப்படியே, இந்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எவருக்காவது நாலாவது வகுப்புக் கொடுத்திருக்கிறார்களா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.